கல்லடி ஒழுங்கைப் போறணை: றோஸ்பாணும் ஒரு பழைய ஸ்லாவிய வினைச்சொல்லும்

கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், இன்னும் விறகு வைத்து எரிக்கிற ஒரு போறணை, அதாவது பாண் சுடுகிற சூளையோடு கூடிய பேக்கரி, இருக்கிறது. எட்டு மாதமாக வாரத்தில் நாலு நாளாவது அங்கேதான் பாண் வாங்குகிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: மட்டக்களப்பில் நான் தின்ற றோஸ்பாண்களில் இதுதான் முதலிடம், அச்சுப்பாண் நல்லது, மீன் பணிஸ் சுமார். இவ்வளவு போதும் என்பவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் போய் வரிசையில் நிற்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் இருங்கள். இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு ரஷ்ய வினைச்சொல்லும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதை விலக்கிவிட்டு எழுத எனக்கு வரவில்லை.

முதலில் போறணை. மத்தியானம் ஒன்றரைக்கே உள்ளே விறகு அடுக்கிப் பற்றவைத்துவிடுவார்கள். அடுப்பு மாதிரிக் கீழே தனியாக நெருப்பு கிடையாது, பாண் வேகப்போகிற அதே செங்கல் தரையில்தான் விறகு எரியும். கூரை வளைவு முதலில் கரி பிடித்துக் கறுக்கும், சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளிறத் தொடங்கும், அந்த வெளிறலைப் பார்த்துத்தான் முதலாளி ஐயா தணலை இழுக்கச் சொல்வார். தணலை வெளியே தள்ளி, நீளத் தடியில் கட்டிய ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து பார்ப்பார். மா சட்டென்று கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமானால் பாண் உள்ளே போகலாம். சூட்டை அளக்க அவரிடம் வேறு கருவி எதுவும் இல்லை. வாயை இரும்புத் தகட்டால் மூடிய பிறகு உள்ளே நெருப்பே இருக்காது, செங்கல் குடித்து வைத்திருக்கிற சூட்டில்தான் எல்லாம் வேகும். றோஸ்பாணின் அடிப்பக்கம் அப்படி மொறுமொறுப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், காஸில் வேகிற பாணுக்கு மேல்தோல் வந்தாலும் இந்த அடித்தோல் வருவதில்லை.

நான் முதல் தடவை போன அன்று மழை. பாணைப் பேப்பரில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் தந்துவிட்டு, "பக்குவம் மனே, கை சுடும்" என்றார் ஐயா.

அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது.

ஏன் என்று சொல்ல, மொஸ்கோவில் நான் படிக்கப் போன முதல் வருசத்துக்குப் போக வேண்டும். பாடங்கள் தொடங்குமுன் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வருசம் வெறும் மொழி வகுப்புத்தான். ஒருநாள் ஆசிரியை கரும்பலகையில் 'பியெச்' என்று எழுதினார், அடுப்பில் சுடுவது, பாண் சுடுவது என்று பொருள். பிறகு அதன் வடிவங்கள்: நான் சுடுகிறேன் என்றால் 'பெக்கு', நீ சுடுகிறாய் என்றால் 'பெச்சோஷ்'. ஒரே சொல்லில் ஓரிடத்தில் க், இன்னோரிடத்தில் ச். விதிவிலக்கு, மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லாமல், ரஷ்யன், போலிஷ், செர்பியன் போன்ற ஸ்லாவிய மொழிகள் எல்லாம் ஒரே மொழியாக இருந்த காலத்தில் இதன் வடிவம் வேறு என்று சொல்லி, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அதன் பக்கத்தில் '*பெக்தி' என்று எழுதினார். நட்சத்திரத்துக்குப் பொருள், இந்தச் சொல்லை எழுதி வைத்த ஏடு எங்கும் இல்லை, பிள்ளை மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கட்டிய வடிவம் இது என்பது. சிரில், மெத்தோதியஸ் என்ற இரண்டு சகோதரர்கள் 863-ல் மொராவியாவுக்குப் போன காலத்தில்தான் ஸ்லாவிய மொழிக்கு எழுத்தே வந்தது, அதற்கு முந்தியதெல்லாம் இப்படிக் கட்டி எடுப்பதுதான்.

கட்டி எடுப்பது என்றால் ஊகித்து விடுவது இல்லை. ரஷ்யனில் 'பியெச்', போலிஷில் 'பியெத்ஸ்', செர்பியனில் 'பெச்சி', அந்தச் சகோதரர் காலத்து எழுத்து மொழியான பழைய தேவாலய ஸ்லாவியத்தில் 'பெஷ்தி'. பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கிறது அல்லவா? இப்போது 'இரவு' என்ற சொல்லைப் பக்கத்தில் வையுங்கள்: ரஷ்யனில் 'நோச்', போலிஷில் 'நோத்ஸ்', பல்கேரியனில் 'நோஷ்த்'. பல்கேரியனில் சூளைக்கு 'பெஷ்த்'. நோச்சுக்குப் பியெச், நோத்ஸுக்குப் பியெத்ஸ், நோஷ்த்துக்குப் பெஷ்த். இரவுச் சொல்லின் நடுவில் ஒரு காலத்தில் 'க்த்' இருந்தது என்பதற்குச் சமஸ்கிருதத்தின் 'நக்த'வும் லத்தீனின் 'நொக்த்'தும் சாட்சி. அதே 'க்த்' சுடுகிற சொல்லிலும் இருந்து, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாக மெலிந்திருக்கிறது. உக்ரேனியன் மட்டும் இன்றைக்கும் 'பெக்தி' என்கிறது, பார்த்தவுடன் மூல வடிவத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் அது 'பெக்கு' போன்ற வடிவங்களைப் பார்த்துப் பிற்காலத்தில் திரும்பப் பொருத்திக்கொண்டது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும், பழையதைப் போலவே இருக்கிறது என்பதற்காக ஒன்று பழையதாகிவிடாது.

க் ஏன் ச் ஆகிறது என்ற கேள்விக்குத் தமிழிலேயே பதில் இருக்கிறது. கன்னடத்தில் 'கிவி', நமக்குச் 'செவி'. இ, எ போன்ற உயிர் பின்னால் வந்தால் க் முன்னால் நழுவிச் ச் ஆகும், நாக்கு அப்படித்தான் போகும். ஸ்லாவியரின் நாக்கும் அதே வழியில் போனது. 'பெக்கு'வில் பின்னால் உ, க் தப்பியது. 'பெச்சோஷ்' பழைய காலத்தில் எகரத்தோடு 'பெச்செஷி' மாதிரி இருந்தது, அங்கே தப்பவில்லை. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஆசிரியை கிவி, செவி இரண்டையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

சரி, போறணைக்கு வருகிறேன். ஐயா சொன்ன 'பக்குவம்' இந்த *பெக்தியின் உறவு.

சமஸ்கிருதத்தில் சமைக்கிறான் என்பதற்குப் 'பசதி', வெந்தது, கனிந்தது இரண்டுக்கும் 'பக்வ'. அதுதான் தமிழுக்கு வந்து பக்குவம் ஆனது. நளபாகம் என்கிறோமே, அந்தப் பாகமும் அதே வேர். பசதியும் பெக்தியும் அக்கா தங்கை, இரண்டுக்கும் தாய் ஸ்லாவியத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் பொதுவான இன்னும் பழைய மொழியில் இருந்தது. லித்துவேனியர் க், ப் இரண்டையும் இடம் மாற்றிக் 'கெப்தி' என்கிறார்கள், குதிரையைக் குருதை என்பது மாதிரி. லத்தீனில் முதல் எழுத்தே மாறி 'கொகு' என்று ஆகிவிட்டது. அது வேறு சொல் என்று நினைக்க வேண்டாம், நம்முடைய 'பஞ்ச' லத்தீனில் 'குவின்குவே' ஆன அதே வழி. அந்தக் கொகுவிலிருந்து வந்ததுதான் ஆங்கிலத்தின் குக், கிச்சன் எல்லாம். பிஸ்கட் என்றால் லத்தீனில் 'இரண்டு தரம் வெந்தது'. இந்தப் போறணையில் மிச்சப் பாணை நறுக்கி மறுபடி போறணைக்குள் வைத்து எடுக்கிற ரஸ்க் இருக்கிறதே, சொல்லின்படி பார்த்தால் அதுதான் அசல் பிஸ்கட். தேத்தண்ணியில் தோய்த்தாலும் உடையாது, வாங்கிப் பாருங்கள். கடை மூலையில் நிற்கும் குளிர்பெட்டியில் இருக்கிற பெப்சிகூட இந்தக் குடும்பம்தான். கிரேக்கத்தில் சமையலுக்கும் சமிபாட்டுக்கும் ஒரே வேர், சமிபாட்டுக் கோளாறைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1898-ல் அந்தப் பானத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்படிப் பேசினால் உடனே யாராவது ரஷ்யனும் தமிழும் ஒன்று என்று கிளம்பிவிடுவார்கள். இல்லை. தமிழ் அந்தக் குடும்பத்து மொழி இல்லை. சுடு, அவி, வே என்று நமக்குச் சொந்த வினைகள் இருக்கின்றன, அவை எதற்கும் *பெக்தியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பக்குவம் கடனாக வந்த சொல். ஆனால் வந்த பிறகு அதை நாம் என்ன செய்தோம் என்பதுதான் என்னைப் பாண் பொதியோடு மழையில் நிறுத்தியது.

சமஸ்கிருதத்தில் வெந்தது, கனிந்தது என்றிருந்த சொல், தமிழில் ஆளின் முதிர்ச்சிக்குப் போய், பதத்துக்குப் போய், எங்கள் பக்கத்தில் 'கவனம்' என்ற பொருளுக்கே வந்துவிட்டது. பக்குவமாப் போ. பிள்ளையைப் பக்குவமாத் தூக்கு. சாவியைப் பக்குவமா வை. அம்மம்மா எங்களைக் கடற்கரைக்கு அனுப்பும்போது சொன்ன கடைசிச் சொல் எப்போதும் அதுதான். இப்போது ரஷ்யனைப் பாருங்கள்: 'பியெச்' என்பதோடு தன்வினை விகுதி சேர்த்துப் 'பெச்ஸ்யா' என்றால் ஒருவரை அக்கறையாகப் பார்த்துக்கொள்வது. 'ஒபெக்கா' என்றால் பெற்றார் இல்லாத பிள்ளைக்குச் சட்டப்படி ஏற்கிற பாதுகாவல். போலிஷில் 'ஒப்பியெக்கா' என்றால் பராமரிப்பு, ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் சொல்கிற சொல். செக் மொழியில் 'பேச்சே', அதுவும் பராமரிப்புத்தான். எல்லாம் பாண் சுடுகிற அதே வினை. அவர்கள் வந்த வழி வேறு: உள்ளே சுடுகிறது, அதனால் கவலை, கவலையால் கவனம். நாம் வந்த வழி வேறு: வெந்தது, பதமானது, பதமாக நடப்பது, கவனம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை. ஒரே அடுப்பிலிருந்து இரண்டு வழியாகப் புறப்பட்டு ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள். கை சுடும் என்று சொல்லிச் சூட்டையும் கவனத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்த ஐயாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை, ஒருநாள் சொன்னேன். "அப்ப நான் ரஷ்யனும் கதைக்கிறன்" என்று சிரித்துவிட்டு மாக் குழைக்கப் போய்விட்டார்.

அந்த உள்ளே சுடுகிற வழியில் இன்னொரு சொல்லும் பிறந்தது. 'பெச்சால்', ரஷ்யனில் துயரம். மனம் வெந்துபோனது, வயிறு பற்றி எரியுது என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். வியர்வைக்குப் 'போத்', அதுவும் வெப்பத்திலிருந்து வந்ததாகவே சொல்லாய்வாளர்கள் கொள்கிறார்கள். தணல் இழுக்கிற நேரத்தில் அந்தத் தம்பிகளின் முதுகைப் பார்த்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஈரலுக்குப் 'பியெச்சென்', சுட்டுத் தின்கிற உறுப்பு என்பதால் வந்த பெயர். பிஸ்கட்டுக்குப் 'பெச்சேனியெ'. முதல் வருசம் கடையில் பெச்சேனியெ என்று நினைத்துப் பியெச்சென் டப்பாவை வாங்கி வந்து, தேத்தண்ணியோடு திறந்து பார்த்து, மூன்று பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். விடுதிக்குக் கீழே ஒரு 'பெக்கார்ன்யா' இருந்தது, பேக்கரிதான். பனி கொட்டுகிற காலை ஏழு மணிக்கு அதன் கதவு திறந்தால் வருகிற வாசமும் கல்லடியில் பின்னேரம் வருகிற வாசமும் ஒன்று.

போறணை என்ற சொல்லையும் விடக்கூடாது. யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் பேக்கரிக்கும் அதன் சூளைக்கும் சொல்கிற இந்தச் சொல் போர்த்துக்கீசரின் 'போர்னு', சிங்களத்தில் 'போரணுவ'. பாணும் அவர்களுடைய 'பாவ்'. 1628-ல் இங்கே கோட்டை கட்டினார்கள், பத்து வருசத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள், சொல் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் அந்த மொழியின் கலப்பு வடிவம் பேசப்படுகிறது. போர்னு லத்தீனின் 'போர்னுஸ்', அதன் வேர் சூடு. சமஸ்கிருதத்தில் வெப்பம் என்ற 'கர்ம' (வினை என்கிற கர்மம் இல்லை), பாரசீகம் வழி வந்த கரம் மசாலாவின் 'கரம்', ரஷ்யனின் 'கோர்ன்' என்ற உலை, 'கொர்ஷோக்' என்ற மண்பானை, எரிதல் என்ற 'கொரெத்' எல்லாம் அந்த வேரில் வந்தவை. ரஷ்யனில் துக்கத்துக்கு இன்னொரு சொல் 'கோரெ', அதுவும் எரிதலிலிருந்தே. துயரத்துக்கு இரண்டு சொல், இரண்டும் நெருப்பு. பணிஸ் மட்டும் இதில் சேராது. லத்தீனின் பானிஸ் போலக் கேட்டாலும் அது ஆங்கிலத்தின் பன்ஸ்தான்.

ரஷ்யரும் பாணுக்குக் கடன்தான் வாங்கினார்கள். அவர்களின் 'ஹ்லெப்' பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து எடுத்தது, ஆங்கிலத்தின் லோஃப் அதே சொல். சுடுவது சொந்தம், சுட்ட பொருளின் பெயர் அடுத்த வீட்டுடையது. நமக்கும் அப்படியே: சுடு நம்முடையது, பாண் வந்தது.

இனிக் குறைகள். சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரைக்கு அர்த்தமில்லை. ஞாயிறு பின்னேரம் வாங்கிய அச்சுப்பாண் இரண்டு தரம் உள்ளே வேகாமல் இருந்தது. மேல்தோல் நல்ல நிறம், கத்தி போட்டால் நடுவில் மா அலகில் ஒட்டுகிறது, விரலால் அமுக்கினால் பள்ளம் திரும்பி எழும்பவில்லை. ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் போறணை ஆறுமுன் அடுத்த தடவைக்கு மறுபடி எரிக்காமல் ஒரே சூட்டில் இரண்டு தரம் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஐயாவிடம் துண்டைக் காட்டினேன். கையில் வாங்கி, பிய்த்து, மணந்து பார்த்துவிட்டு, "பச்சை, நீ சொல்றது சரி மனே" என்று வேறு பாண் தந்தார். காசு வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு சரியாக இருந்தது, அதற்கடுத்த ஞாயிறு பழையபடி. அதனால் ஞாயிறு என்றால் அச்சுப்பாணை விட்டுவிட்டு றோஸ்பாண் எடுங்கள், தட்டையானது, எப்படியும் வெந்துவிடும்.

மீன் பணிஸில் மிளகுத்தூள் தாராளம், மீன் குறைவு, கிழங்குதான் நிறைய. வாவி மீன் கிடைக்கிற ஊரில் இது எனக்கு வருத்தம். சீனிச் சம்பல் பணிஸ் பரவாயில்லை, வெங்காயம் நன்றாக வதங்கி இனிப்பும் உறைப்பும் சேர்ந்து வருகிறது. ஆனால் காலையில் இருக்காது. கிம்புலா பணிஸில் மேலே சீனி அதிகம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். விலை மற்றக் கடைகளின் விலைதான், 450 கிராம் அச்சுப்பாணை இரண்டு தரம் வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், குறையவில்லை. காட் எடுக்க மாட்டார்கள், சில்லறையோடு போங்கள். அச்சடித்த பத்திரிகைத் தாளில் சுற்றுகிறார்கள், சூட்டில் மை பாணில் ஒட்டுகிறது. இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், நான் துணிப்பை கொண்டு போகிறேன், நீங்களும் கொண்டு போங்கள்.

பாண் ஓட்டோ சங்கீதத்தோடு வாசலுக்கே வருகிற காலத்தில் ஒழுங்கைக்குள் போய் நிற்க வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஓட்டோவில் வருகிற பாண் காலையில் வெந்தது, பெட்டிக்குள் புழுங்கித் தோல் இளகியிருக்கும். இங்கே தகட்டை இழுத்துத் திறக்கும்போது வருகிற முதல் பாணைக் காதருகே பிடித்தால் தோல் நொறுங்குகிற மெல்லிய சத்தம் கேட்கும், சூடு ஆறி மேல்தோல் சுருங்குவதால் வருகிற சத்தம். பருப்புக் கறியோடு தின்னலாம், கட்டைச் சம்பலோடு தின்னலாம், எனக்கு வெறும் பட்டர் போதும்.

திங்கட்கிழமை பூட்டு. மற்ற நாட்களில் முதல் சூடு நாலேகாலுக்கு இறங்கும், றோஸ்பாண் முப்பது நாற்பதுதான் போடுகிறார்கள், ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். மழைக்காலத்தில் விறகு ஈரமென்றால் அரை மணித்தியாலம் பிந்தும், அன்றைக்கு அவசரப்படுத்தாதீர்கள், சிட்டிகை மாவை எறிந்து பார்த்துவிட்டு அவர்களே கூப்பிடுவார்கள்.